பெயர் வந்தால் எழுந்து வரவும்

படாரென்று கதவைத் திறந்து டாக்டர் ஸ்நேஹா எட்டிப் பார்த்தார்.

"நிரஞ்சன், அடுத்த பேஷன்ட் எங்க?"

"திரையில பேர் போட்டாச்சு மேடம்."

"போட்டா போதுமா? ஆள் வரணும். மதியத்துக்குள்ள சரியாகலைன்னா திரையைக் கழட்டிட்டுப் போயிடுங்க."

கதவு மூடிக்கொண்டது.

பெயரைக் கத்திக் கூப்பிடுவது டாக்டருக்குப் பிடிக்காது. அதற்காகத்தான் இந்த தி.நகர் கிளினிக்கில் நிரஞ்சன் எழுதிய ப்ரோகிராம். இங்கே ஓடினால் அடையாறு கிளையிலும் அதுதான். ஓடாவிட்டால், போன மாதம் சவால் விட்டு ராஜினாமா கொடுத்த பழைய கம்பெனியின் அதே மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

வரவேற்பு மேஜையிலிருந்து பார்த்தான். வரிசையாகப் பின்னந்தலைகள். எதிர்ச் சுவரில் திரை. 'ஸ்ரீனிவாசராகவன் – அறை 2'. ஒரு தலையும் அசையவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கினான். 'ஸ்ரீனிவாசரா'வோடு பெயர் விளிம்பில் வெட்டுப்பட்டது. இரண்டு வரியாக மடித்தான். அறை எண் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் சிவப்பாக்கி மின்ன விட்டான்.

"சார், எனக்குத் தலை சுத்துது," என்றாள் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஷீலா.

"அவங்களுக்குச் சுத்தலையே! பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்காங்க."

"ஒரு பெல் வையுங்களேன்."

வைத்தான். டிங் டாங்!

மொத்த வரிசையும் எழுந்தது. இருவர் முட்டிக்கொண்டார்கள். ஒரு பெண்மணி தண்ணீர் கேனுக்குப் பின்னால் பணிவாக வரிசையில் நின்றார். ஒரு பெரியவர் நிரஞ்சனின் மேஜையைத் தடவியபடி, "வலது பக்கம்தான் டாக்டர் ரொம்பத் தொந்தரவு," என்றார்.

"நான் டாக்டர் இல்ல சார்! சுவர் முழுக்கப் பேர் போட்டிருக்கேன். படிக்கத் தெரியாதா?"

"பேங்க் மேனேஜரா ரிடயர் ஆனவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?" என்று பெரியவர் ஷீலாவிடம் சீறினார்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஆயா முனியம்மாள் கையில் சின்னக் குப்பியோடு ஓடி வந்தாள். திரையைப் பார்த்தாள். நிரஞ்சனைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, அல்லாருக்கும் கண்ணுல மருந்து வுட்டு, நான் சொல்ற வரிக்கும் தொறக்கவே கூடாதுன்னு மூடி குந்த வச்சிக்கீறேன், நீ யாருக்குப் படம் காட்டிக்கினு கீற?"