இரண்டு அணிக்கும் ஒரே தாய்

மலைநாட்டில் மாரியம்மன் திருவிழா தொடங்கியதும் பலூன்காரர், வளையல்காரர், பொரி விற்பவர் ஆகியோரோடு சேர்ந்து தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கும் இன்னோர் இனம் உண்டு. பட்டிமன்றப் பேச்சாளர் என்று பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியை எதிர்மலைக்குத் திருப்பி வைத்த பிறகுதான் அவர் வாயைத் திறப்பார். கல்வியா செல்வமா, மாமியாரா மருமகளா, காதலா கடமையா, எதைக் கொடுத்தாலும் பேசுவார். எந்தப் பக்கம் என்று கேட்கமாட்டார். அதைக் கேட்பது தன் திறமைக்கு இழுக்கு. அவர் கேட்பது இரண்டே கேள்விதான். மைக் எப்படி? கடைசியாகப் பேசுவது யார்?

ஏன் கடைசி என்கிறீர்களா? கடைசியாகப் பேசுகிறவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. அவர் சொன்னது பொய்யாகவே இருந்தாலும், ஜனங்கள் அதைக் காதில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்.

இந்த இனத்தில் நன்றாகக் கொழுத்த ஒருவரைக் காட்டுகிறேன். நோர்வூட்டில் சமூகக்கல்வி படிப்பிக்கும் பரமலிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், ஆசிரியர் நியமனத்தோடு மலை ஏறியவர், இருபது வருடத்துக்குப் பிறகும் குளிரைத் திட்டிக்கொண்டே இருப்பவர். வகுப்பில் அவர் குரலைக் கேட்டுப் பிள்ளைகள் தூங்குவார்கள். மேடையில் அதே குரலைக் கேட்டு அந்தப் பிள்ளைகளின் தாய்மார் அழுவார்கள். வெள்ளை வேட்டி, அதற்கு மேல் சாம்பல் நிறச் சுவெட்டர், சுவெட்டருக்குள் சட்டைப் பையில் நான்காக மடித்த கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையை மறந்துவிடாதீர்கள். மனிதர் மூக்குச் சிந்துவது வேறொன்றில். இது மேடைக்கு மட்டும்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் கடைசியில் கொழும்பில் ஒரு நீதிபதியைச் சுட்டுக் கொன்றார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடமாக யாரையும் தூக்கில் போடாமல் இருந்த நாட்டில், தூக்கை மறுபடி கொண்டு வரப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. அவ்வளவுதான். நோர்வூட் சந்தியில் பிளேன்டீ ஆறுவதற்குள் பத்துப் பேரைத் தூக்கில் போட்டார்கள். கொலைகாரனைப் போட்டார்கள், கசிப்புச் சாராயம் விற்றவனைப் போட்டார்கள், கோழி திருடினவனைப் போட்டார்கள், அட்டன் பஸ்ஸில் மிச்சக் காசு கொடுக்காத கண்டக்டரையும் விடவில்லை. கடை வைத்திருக்கும் சரிபுதீன் நானா மட்டும், "கயிறு நம்மட கடையில இருக்கு வாப்பா. இழுக்கப் போறது யாரு, நீங்களா?" என்று கேட்டார். உடனே எல்லாருக்கும் வேலை ஞாபகம் வந்து எழுந்து போனார்கள்.

கோயில் கமிட்டிகளும் சும்மா இருக்கவில்லை. மாமியாரும் மருமகளும் ஓய்வு பெற்றார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே தலைப்பு: மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா?

பரமலிங்கம் மாஸ்டர் இதற்காக ஒரு தாயைத் தயாரித்தார். நோர்வூட்டில் 'வேண்டும்' அணியில் பேசியபோது, அவள் கொலையுண்டவனின் தாய். தலைவிரி கோலமாக வந்தாள், கைப்பிடி மண்ணை அள்ளினாள், "என் பிள்ளையைத் தின்றவன் சோறு தின்னலாமா?" என்று கேட்டாள். கைக்குட்டை வெளியே வந்தது. அடுத்த வாரம் மஸ்கெலியாவில் 'வேண்டாம்' அணி. அதே தாய், அதே தலைவிரி கோலம், அதே கைப்பிடி மண். இந்தத் தடவை அவள் தூக்குமேடைக்குப் போகிறவனைப் பெற்றவள். கைக்குட்டையும் அதே இடத்தில் அதே நேரத்தில் வந்தது.

மாஸ்டரின் மனைவி ஜெயமலர் இரண்டு கூட்டத்துக்கும் போயிருந்தார். "இஞ்சருங்கோ, போன கிழமை செத்தவன்ர தாய் எண்டியள். இண்டைக்குக் கொலை செய்தவன்ர தாய் எண்டுறியள். எது உண்மை?"

"தாய் தாய்தானே" என்றார் மாஸ்டர். அந்த வாக்கியம் நன்றாக இருக்கிறதே என்று அவருக்கே பட்டது. அடுத்த மேடைக்கு வைத்துக்கொண்டார்.

மஸ்கெலியாவில் கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள். பெயர் வீரம்மா. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அக்காவைப் பார்க்க வந்த இடத்தில் பேச்சைக் கேட்டிருக்கிறாள். பாராட்ட வந்திருக்கிறாள் என்று மாஸ்டர் முகத்தைச் சற்றுத் தாழ்த்தி, தன்னடக்கத்தை முன்னே கொண்டு வந்தார்.

"சார், நீங்க சொன்னீங்களே, அந்தம்மா எந்தத் தோட்டத்துங்க?"

"எந்த அம்மா?"

"மகனத் தூக்குல போடப் போறாங்கன்னு மண்ண அள்ளிக்கிட்டு அழுதுச்சே, அந்தம்மா. ஒரு தடவ போயி பாத்துட்டு வரணும் போல இருக்குங்க. என்னைய மாதிரியே ஒரு ஆளு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

எந்தப் பேச்சாளருக்கும் இப்படி ஒரு கேள்வி வரக்கூடாது. மாஸ்டர் இருமினார். எந்தத் தோட்டத்தைச் சொன்னாலும் இவள் பஸ் ஏறிப் போய்த் தேடுவாள் என்று முகத்திலேயே தெரிந்தது. "அவ மோசம் போயிட்டா அம்மா" என்றார்.

"செத்துப் போச்சுங்களா?" வீரம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறக்காத ஒருத்திக்காக அவள் அங்கே நின்று அழுதாள். மாஸ்டர் பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். பெற்றது இரண்டு ஆண் பிள்ளைகள். இரண்டு பேரின் பெயரையும் சொன்னாள். மாஸ்டர் காதில் வாங்கவில்லை, கதைக்குப் பெயர் தேவையில்லை. லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவோடு சமைக்க ஒரு குசினி இறக்கிக் கட்டுவதில் அண்ணன் தம்பிக்கு வாய்த்தகராறு. சில வருடத்துக்கு முந்திய ஒரு தீபாவளிக் குடி. தம்பி உள்ளே போய்க் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்துவிட்டான். தேயிலை வெட்டுகிற கத்தி, ஒரே வீச்சு. மூத்தவன் மண்ணுக்குள் போனான். இளையவன் மரண தண்டனைக் கைதியாகக் கண்டிச் சிறையில் இருக்கிறான்.

"தோட்டத்து ஆளுங்களே கையெழுத்துப் போட்டு ஜனாதிபதிக்கு மனு குடுத்தா யோசிப்பாங்கன்னு அட்டன்ல லோயர் சொன்னாருங்க. திருவிழா முடிஞ்சதும் சனங்ககிட்ட கேப்போம்னு தோட்டத் தலைவரும் சொல்லிட்டாரு. ஆனா லயத்துல யாரும் என்கிட்ட மொகம் குடுத்துப் பேசுறதில்ல சார். எங்க தோட்டத்துக்கும் நீங்கதான் பேச வர்றீங்களாம். இன்னைக்குப் பேசுன மாதிரியே அங்கயும் பேசுங்க. ஒன்னு போயிருச்சு, இருக்கிற ஒன்ன விட்டுருங்கன்னு நான் சொன்னா யாரு கேப்பா? நீங்க சொன்னா கேப்பாங்க."

"ஓமோம், நான் கதைக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார் மாஸ்டர். இந்த இனம் வாக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் செய்ததே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. செத்தவனுக்கும் அவளே தாய், கொன்றவனுக்கும் அவளே தாய். தான் இரண்டு தாயாக வைத்துக் கஷ்டப்பட்டதை இவள் ஒருத்தியாக முடித்துவிட்டாளே. அவளுக்காக அவர் மனம் இளகியதா என்று கேட்காதீர்கள். இளகியது. எந்த இடத்தில் இளகியது என்று கவனித்து, அந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

திருவிழா அன்று பெரட்டுக் களத்தில் மேடை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற அதே இடத்தில் சோடனை, குழல் விளக்கு, ஜமுக்காளம். மாஸ்டர் வந்து இறங்கியதும் தோட்டத் தலைவர் மாயாண்டி ஓடி வந்தார்.

"மாஸ்டர், ஒரு சின்னச் சிக்கலுங்க. 'வேணும்' பக்கம் கடைசியாப் பேச இருந்தவரு வரல. நீங்க அந்தப் பக்கம் வந்தீங்கன்னா கடைசிப் பேச்சு உங்களுக்கு. இல்ல, 'வேணாம்' பக்கமே இருக்கிறதுன்னாலும் இருங்க, ரெண்டாவதாப் பேசலாம். உங்க விருப்பங்க."

உங்கள் விருப்பம். யாரும் அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பெண்கள் பக்கம் முன் வரிசையில் வீரம்மா உட்கார்ந்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பெட்டிச் சேலை கட்டி, பல மாதத்துக்குப் பிறகு கோயில் பக்கம் வந்திருந்தாள். மாஸ்டரைக் கண்டதும் கைகூப்பினாள். மாஸ்டரும் கைகூப்பினார். கூப்பிய கையோடு நடந்து போய் 'வேண்டும்' அணியின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சு வேறு, மனசு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இந்த இனத்துக்கு இதுதான் வேதம்.

கடைசியில் அவர் முறை வந்தது. நடுவர் அவர்களே என்று தொடங்கி, அறம், சட்டம், சமுதாயம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். ஒரு தாய்க்கு இரண்டு மகன்கள் என்றார். ஒரு குசினிக்குச் சண்டை என்றார். கவ்வாத்துக் கத்தி என்றார். யாரைச் சொல்கிறார் என்று தெரியாதவர் அங்கே ஒருவர்கூட இல்லை.

"அந்தத் தாய் என்னிடம் வந்தாள். வந்து என்ன கேட்டாள் தெரியுமா? 'ஐயா, என் மூத்தவன் சிந்திய இரத்தம் இன்னும் காயவில்லை. அவனைக் கொன்றவன் என் வயிற்றில் பிறந்தவனாக இருந்தால் என்ன? கயிற்றைக் கொடுங்கள், என் கையாலேயே இறுக்குகிறேன்' என்றாள். பெற்றவளே கேட்கிறாள் தண்டனையை. வேண்டாம் என்று சொல்ல எதிரணிக்கு என்ன உரிமை இருக்கிறது?"

கைக்குட்டை வந்தது. விசில் பறந்தது. களமே எழுந்து கைதட்டியது.

வீரம்மாவும் எழுந்தாள். மேடைக்குக் கீழே வந்து நின்று, "நான் அப்படிச் சொல்லலீங்களே சார்" என்றாள்.

அவளிடம் மைக் இல்லை. நடுவர் மணி அடித்து, பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவள் மறுபடியும் சொன்னாள். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தண்டனை வேண்டும் என்று தீர்ப்பாயிற்று, மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இரண்டு நாள் கழித்து மாயாண்டி மனுவை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போனார். ஒரு கையெழுத்தும் விழவில்லை. "பெத்தவளே கயித்தக் கேட்டாளாம், நம்ம எதுக்குங்க இதுல?" என்றார்கள். அவளோடு ஒரே மலையில் கூடை சுமக்கிறவர்கள்தான். ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்தான். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மைக்கில் வந்துவிட்டதே.

அது அதோடு நிற்கவுமில்லை. சிறைக்குப் போன யாரோ அதைக் கண்டிவரை கொண்டு போனார்கள். அடுத்த மாதம் வீரம்மா போய் நின்றபோது, மகன் அவளைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினான். அதற்கடுத்த மாதமும் அப்படியே. அவள் நேரே நோர்வூட்டுக்கு வந்து பாடசாலை வாசலில் மாஸ்டரைப் பிடித்தாள்.

"சனங்க என்னமும் நெனைக்கட்டும் சார். அவன் மட்டும் அப்படி நெனைச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. அம்மா அப்படிச் சொல்லல, நான்தான் மேடைக்காகச் சொன்னேன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

"நான் அரசாங்க உத்தியோகத்தன், அம்மா. சிறைச்சாலைக்குக் கண்டபடி எழுதேலாது" என்றார் மாஸ்டர்.

"ஒரே ஒரு வரிங்க. நான் அப்படிச் சொல்லலீங்களே சார்."

அவள் குரல் அந்த இடத்தில் உடைந்தது. மாஸ்டர் அதைக் கவனித்துக்கொண்டார். "பாப்பம், அடுத்த கிழமை வாங்கோ" என்று அனுப்பி வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை நோட்டன் பிரிட்ஜில் பட்டிமன்றம். அன்று அவருக்கு 'வேண்டாம்' அணி, கடைசிப் பேச்சு. ஒரு தாய், இரண்டு மகன்கள், கவ்வாத்துக் கத்தி. யாரோ ஒரு பேச்சாளர் கைதட்டலுக்காக அவள் வாயில் கயிற்றைத் திணித்தான் என்று மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பிறகு குரலை உடைத்து, "'நான் அப்படிச் சொல்லவில்லையே ஐயா' என்றாள் அந்தத் தாய்" என்று முடித்துவிட்டுக் கைக்குட்டையைக்கூட எடுக்காமல் உட்கார்ந்தார். அவர் வாழ்நாளிலேயே பெரிய கைதட்டல் அன்றுதான் கிடைத்தது.

அடுத்த கிழமை வீரம்மா வந்தாள். மாஸ்டர் லீவு.

தூக்கு வரவில்லை. நாடு வேறு பேச்சுக்குப் போய்விட்டது. மேடைகளில் இப்போது கைத்தொலைபேசி வரமா சாபமா என்று கேட்கிறார்கள். மகன் உயிரோடுதான் இருக்கிறான்; தன்னைத் தூக்கில் போடச் சொன்ன தாயைப் பார்க்க மாட்டேன் என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறான். அவள் மாதா மாதம் பஸ் ஏறிப் போய், வெளியே நின்றுவிட்டு வருகிறாள்.

மாஸ்டரை நன்றாகத் திட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. நீங்கள் மேடை ஏறுகிறவர் இல்லைதான். ஆனாலும் நாளைக்கு எங்காவது டீக்கடையில் தூக்குத் தண்டனையைப் பற்றிப் பேச்சு வரும். உங்கள் பக்கம் கொஞ்சம் இளைக்கும். "நான் ஒரு தாயின் கதை வாசித்தேன்" என்று வீரம்மாவை எடுத்து விடுவீர்கள். வேண்டும், வேண்டாம், இரண்டு பக்கத்துக்கும் அவள் பொருந்துவாள். எடுத்து விடுமுன் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். வீரம்மா தன் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரையும் சொன்னாள், மாஸ்டர் காதில் வாங்கவில்லை என்று மேலே எழுதியிருந்தேன். நீங்களும் தலையை ஆட்டிக்கொண்டு வாசித்து வந்தீர்கள். அந்தப் பெயர்கள் என்ன என்று இதுவரை ஓர் இடத்திலாவது உங்களுக்குக் கேட்கத் தோன்றியதா?