குதிரையேறிய டொக்டர்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் லீவு எடுக்கத் தெரியாது. வேலைக்குப் போகாத நாள் என்றால் காய்ச்சல், இல்லாவிட்டால் கலியாணம், இரண்டும் இல்லாவிட்டால் சாவு. சும்மா ஊர் சுற்றவும் ஒரு நாளை ஒதுக்கலாம் என்று கண்டுபிடித்தவள் நான்தான். அதற்கான தண்டனையையும் நானே வாங்கிக்கொண்டேன்.

பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தோட்டம் (எங்களுக்குச் சொந்தமில்லை, அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா தேயிலை ஃபெக்டரியில் இருக்கிறார், அந்த உரிமையில் எங்கள் தோட்டம்). அங்கிருந்து படித்து வந்த முதல் டொக்டர் நான். ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சி தொடங்க ஒரு வாரம் இருந்தது. தொடங்கிவிட்டால் தூக்கம்கூடக் கிடைக்காது என்று சீனியர்கள் பயமுறுத்தியிருந்தார்கள்.

"மூணு பேரும் நுவரெலியா போறோம். ஹோட்டல்ல தங்குறோம்" என்று வீட்டில் அறிவித்தேன்.

"யாருக்கு என்ன வருத்தம், காய்ச்சலா?" என்று பதறினார் அப்பா.

"யாருக்கும் ஒண்ணுமில்லப்பா. சும்மா."

"சும்மா எதுக்குப் போறது?"

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு குதிரைகள் நடந்துகொண்டிருந்தன. அம்மா நின்றுவிட்டார்.

"அந்தக் காலத்துல தொரைமாருதான் குதிரையில வருவாங்களாம். நம்மாளுங்க ஒதுங்கி நிப்பாங்களாம். நீ ஏறு பாப்பா. நான் பாக்கணும்."

இப்படிக் கேட்டால் எந்த மகளால் மறுக்க முடியும்? ஏறினேன். கண்ணில் புதுக் கறுப்புக் கண்ணாடி, காலில் வெள்ளைச் சப்பாத்து. அப்பா போனைத் தூக்கிப் படம் எடுக்க, நான் கடிவாளத்தை விட்டுவிட்டு மகாராணிபோல இரண்டு கைகளையும் ஆட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் ஹோர்ன் அடித்தது.

குதிரைக்காரர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு குதிரை பாய்ந்தது. நேரே ஒரு அவிச்ச சோளக் கடை. அதன் முன்னால் குதிரை நின்றது. நான் நிற்கவில்லை.

சேற்றில் கிடந்தபடி அம்மாவின் குரலைக் கேட்டேன். "டொக்டர்! ஐயோ, டொக்டர்!" (விழுந்தது சாதாரண ஆளில்லை என்று ஊருக்குத் தெரியப்படுத்துகிறாராம்.) ஊர் அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டது. குடும்பத்தோடு பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெரியவர் எழுந்து ஓடி வந்தார்.

"நான் டொக்டர். கைய காட்டுங்க" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்லி, என் வலது மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். "உடைஞ்ச மாதிரி இல்ல. சுளுக்குதான். எதுக்கும் எக்ஸ்ரே எடுங்க. நீங்க என்ன வேலை?"

"வீட்டுல சும்மா இருக்கேன், சேர்" என்றேன்.

"பொய் சேர்!" அம்மா பாய்ந்து வந்தார். "அவ டொக்டர்! எங்க தோட்டத்து மொத டொக்டர்! அடுத்த கெழம வேலைக்குப் போறா!"

அவர் என் சேற்றைப் பார்த்தார். தலையில் ஒட்டியிருந்த சோளத் தோலைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் மகளின் சால்வையால் என் கையைக் கட்டிவிட்டார்.

"லீவு நல்லா எடுத்திருக்கீங்க, டொக்டர்" என்றார்.

இன்னொரு டொக்டர் என்னை டொக்டர் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சேற்றிலும் என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

எக்ஸ்ரேயும் அவர் சொன்னதையே சொன்னது. அன்று ஹோட்டலில் முள்ளுக்கரண்டி பிடிக்க முடியாத எனக்கு, வெயிட்டர்கள் வரிசையாக நின்று பார்க்க, அம்மா சோறு ஊட்டிவிட்டார். அடுத்த வாரம் கையில் கட்டோடு போய் நின்றபோது உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வார்டில் நான் 'குதிரை டொக்டர்'. கந்தப்பளையிலிருந்து வந்த ஒரு நோயாளி, "மனுசங்களப் பாக்குற டொக்டர் யாரும் இல்லீங்களா?" என்று நேர்ஸிடம் கெஞ்சியே விட்டார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இன்றும் இந்தக் கதையைச் சொல்லுவார். அவர் கதையில் அது வெள்ளைக் குதிரை (உண்மையில் சேற்று நிறம்), நான் காற்றுமாதிரிப் பறந்தேன்.

"கடைசியில விழுந்தாளே, அதையும் சொல்லு" என்பார் அப்பா.

"விழல" என்பார் அம்மா. "எறங்குனா."