வளைகாப்புக்கு வர முடியாத காரணம்

ஏரிமேடு,
புதுவாயல் வழி.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பரத் அவர்களுக்கு, மாமனார் குப்புராஜ் நல்லாசி கூறி எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம், தண்ணீர் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள். அங்கே தாங்களும், என் மகள் நந்தினியும், அவள் வயிற்றில் இருக்கும் குட்டியும், முக்கியமாகச் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று கும்பிடுகிற சாமியை எல்லாம் வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தி ஐயாவின் முட்டிவலி தேவலையா என்று நான் கேட்டதாகச் சொல்லவும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. முதலில் போன்தான் செய்தேன். உங்கள் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் போன் வீட்டில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் உங்கள் அம்மாதான் எடுத்தார்கள். "சொல்லுங்க சம்பந்தி" என்று அவர்கள் சொன்னதுமே சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். ராணிப்பேட்டையில் மழை உண்டா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்று முறை மழையை விசாரித்தாயிற்று, இன்னொரு முறை கேட்டால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆகவே எழுத்தில் சொல்லிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நந்தினியின் வளைகாப்புக்கு என்னால் வர முடியாது. உங்கள் மாமியார் மணியம்மாள் சீர்த்தட்டுகளோடும் சொந்தக்காரர்களோடும் வேனில் வந்து, முறைப்படி வளையல் போட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவாள். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தை முழுக்கப் படிக்க வேண்டும்.

எங்கள் ஏரிமேடு பேரூராட்சியாக இருந்தவரைக்கும் குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை மூன்றுக்கும் குப்புராஜ் என்று சொன்னால் போதும், அதற்குமேல் பட்டம் ஏதும் கிடையாது. போன வருஷம் நகராட்சி ஆனதும் தலைவர் அன்புசெல்வனுக்கு அது போதவில்லை. "டைரக்டர்னு ஒருத்தர் இருந்தாதான் ஊருக்கு ஒரு கெத்து அண்ணா" என்று சொல்லி, ‘நகரப் பயன்பாட்டுச் சேவைகள் இயக்குநர்’ என்று ஒரு பதவிக்குப் பேரு வெச்சிட்டாரு. பெயர் வைத்தால் ஆயிற்றா, அந்த இயக்குநர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று பணி விவரம் வேண்டுமே. பழைய பணி விவரத்தைத் தேடி எடுத்தோம். தெருவிளக்குகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதை மேற்பார்வை செய்தல், பொதுக்கிணற்றில் மாடு விழாமல் பார்த்துக்கொள்ளுதல், மேலதிகாரி அவ்வப்போது இடும் இதர பணிகள் என்று மூன்றே வரி. மண்ணெண்ணெயும் கிணறும் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே போய்விட்டன. ஆக, நான் முப்பது வருஷமாகச் செய்துவந்தது அந்த மூன்றாவது வரி மட்டும்தான்.

இதைப் புதுப்பித்துக் கொடுக்கச் சென்னையிலிருந்து காயத்ரி மேடம் என்று ஓர் ஆலோசகர் வந்தார். நல்ல பெண், மரியாதையான பெண், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டே பைக்கில் பின்னால் உட்காரத் தெரிந்த பெண். "சார், உங்க வேலை என்ன, சொல்லுங்க" என்றார். தண்ணி, லைட்டு, கால்வாய் என்றேன். அதற்குள் போன் வந்தது, மோட்டார் ரூமில் பாம்பு. அது முடிந்து டீ சொல்வதற்குள் இன்னொரு போன், சிக்னல் கிட்டே லாரி ரிவர்ஸ் எடுத்து விளக்குக் கம்பத்தைச் சாய்த்துவிட்டது. அங்கே போய் நின்றால் எட்டாவது வார்டில் மாமியாரும் மருமகளும் சண்டை, மாமியார் தெரு வால்வை மூடி அதன்மேலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார், தெருவுக்கே தண்ணி இல்ல, என்னைக் கூப்பிடுறாங்க. நான் என்னாத்தச் சொல்றது, "மருமக மேல கோவம்னா சோத்துல காட்டு ஆயா, தண்ணியில காட்டாத"ன்னு சொல்லி எழுப்பி வுட்டேன். மேடம் அத்தனையையும் தட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் அச்சடித்துக் காட்டியதில், ‘மோட்டார் அறைகளிலிருந்து ஊர்வனவற்றை அகற்றுதல், குடும்பப் பூசலால் மூடப்பட்ட வால்வுகளைச் சமாதான முறையில் திறத்தல்’ என்று இருந்தது. மாப்பிள்ளை, என் வேலை அவ்வளவு கம்பீரமானது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அது மன்றக் கூட்டத்துக்குப் போயிற்று. அங்கே ஆளுக்கு ஒரு வரி சேர்த்தார்கள். ஒருவர், இயக்குநர் முதல் மணியிலேயே போனை எடுக்க வேண்டும் என்றார். இன்னொருவர், அம்மன் கோயில் தீமிதிக்கும் மாதா கோயில் தேருக்கும் நேரில் நின்று விளக்குப் போட வேண்டும் என்றார், இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. தேர்வாய் கண்டிகை கம்பெனிகளுக்குப் போகிற பையன்கள் ஒரு வீட்டில் பத்துப் பேராக வாடகைக்கு இருந்துகொண்டு குளிக்கிறார்கள், அவர்கள் குளியலைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி. சரி, எல்லோரும் சேர்க்கிறார்கள், நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று நானும் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். ‘இயக்குநர் ஊரைவிட்டு வெளியே செல்வதாயின், அவர் பொறுப்பை எழுத்து மூலம் ஏற்றுக்கொண்ட ஒருவர் ஊரில் இருந்தாக வேண்டும்.’ இப்படிப் போட்டால் ஓர் உதவி இயக்குநர் பதவியும் கூடவே வரும், வளைகாப்புக்கு நிம்மதியாகக் கிளம்பலாம் என்பது என் கணக்கு. எல்லோரும் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. உதவி இயக்குநர் பதவிக்கு நிதி இல்லை என்றார்கள். இயக்குநர் வரும்வரை கூடுதல் பொறுப்பு குப்புராஜ் என்றும் சேர்த்து நிறைவேற்றிவிட்டார்கள்.

லீவு கேட்கப் போனேன். கமிஷனர் தங்கமான மனிதர். "தாராளமா போய்ட்டு வாங்க, யார் எழுத்து மூலம் ஏத்துக்கிறாங்க?" என்றார். என் வரியை எனக்கே படித்தும் காட்டினார். நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன் என்று பாராட்டு வேறு. இதில் என்ன கஷ்டம், மோசஸ் இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு பம்ப் ஹவுஸுக்குப் போனேன். மோசஸ் எங்கள் பம்ப் ஆபரேட்டர். எனக்குச் சிக்குன்குனியா வந்து கை கால் மடக்க முடியாமல் படுத்திருந்தபோது ஊருக்கே தண்ணீர் விட்டவன் அவன்தான், நான் திருப்பதிக்குப் போன நாட்களிலும் அவன்தான். அப்போதெல்லாம் "மோசஸு, பாத்துக்கோ" என்பேன், "நீ போ சார்" என்பான், அவ்வளவுதான் அலுவல். இந்தத் தடவை காகிதத்தைக் கொடுத்தேன். ஒருமுறை படித்தான், திரும்பவும் படித்தான்.

"இன்னா சார் இது, பாம்பு புடிக்கிறதுகூட இதுல போட்டுக்கிது."

"நீதானேடா எப்பவும் புடிக்கிற?"

"புடிச்சிக்கினுதான் கீறேன், இல்லன்னு சொல்லல. ஆனா எழுத்துல கையெழுத்துப் போட்டுட்டு புடிச்சா, அது கடிச்சாக்கூட என் தப்புன்னு ஆயிடும் சார். வாயில சொல்லு, உனக்காக எது வேணா செய்யறேன். எழுத்துல வேணாம்."

எலக்ட்ரிஷியன் சுப்பிரமணியிடம் போனேன். அவன் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் காட்டியிருக்கிறான். குடும்பப் பூசல் என்ற வரியைப் பார்த்ததும் அந்தம்மா, "நம்ம ஊட்டு சண்டையையே தீக்கத் தெரியாத ஆளு, ஊரு சண்டைக்குக் கையெழுத்துப் போடப் போறியா" என்று காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேத்து வரைக்கும் நான் இல்லாம ஊரு ஓடிக்கினுதான் இருந்துச்சு மாப்ள. எழுதி வெச்ச அன்னிலேந்து நான் இல்லாம ஒரு குழாய்கூடத் தொறக்காதாம். இந்தப் பேஜாரு நானே இழுத்து வெச்சிக்கினது, யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல.

மணியம்மாளிடம் சொன்னபோது அவள் புளிச்சோற்றுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்: "வளைகாப்புல ஆம்பளைங்களுக்கு இன்னா வேலை? சும்மா ஓரமா நிக்கணும். அந்த சும்மா நிக்கிற வேலைக்குக்கூட உங்களால வர முடியலன்னா, நீங்க டைரக்டரா இருந்து யாருக்கு இன்னா பிரயோஜனம்?" உங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்கு நான் எங்கே இருந்தேன் என்பதை உங்கள் அம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார்களாம், நந்தினி சொன்னாள். மோட்டார் ரூமில்தான் இருந்தேன், வேறெங்கே. இப்போது வளைகாப்பும் அப்படியே ஆனால் அவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள். நந்தினி போனில் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "நைனா, நீ வந்து கூப்புட்டாதான் நான் ஊட்டுக்கு வருவேன், அம்மாவ மட்டும் அனுப்பாத." சொன்னதைச் செய்கிற பெண், நீங்களும் இரண்டு வருஷமாகப் பார்த்திருப்பீர்கள். அவள் வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டால் மணியம்மாள் காலித் தட்டுகளோடு திரும்பி வர வேண்டும், அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, என் சார்பில் நீங்கள்தான் அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நைனாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை, ஆசைப்பட்டு ஒரு வரி எழுதப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை உங்கள் திறமைக்கே விட்டுவிடுகிறேன், அந்தப் பொறுப்பை எழுத்து மூலம் ஏற்கச் சொல்லி உங்களைக் கேட்க மாட்டேன்.

தங்களுக்கும் நந்தினிக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் எல்லாச் செல்வமும், நீண்ட ஆயுளும், நாள்தோறும் குடிநீரும் கிடைக்க வாழ்த்தும்,

மாமனார்
கு. குப்புராஜ்
இயக்குநர் (கூடுதல் பொறுப்பு)

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை தபாலில் போடக் கிளம்பும்போது கமிஷனர் கூப்பிட்டுவிட்டார். பணி விவரத்தின் கடைசிப் பக்கத்தில் ‘தகுதி’ என்று ஒரு பத்தி இருக்கிறதாம், பொறியியல் பட்டம் கட்டாயமாம். நான் படித்தது டிப்ளமா. மன்றத்தில் அவரவர் தான் சேர்த்த வரியை மட்டும் படித்துவிட்டுக் கை தூக்கியதால் அந்தப் பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை, நானும்தான். அதன்படி கூடுதல் பொறுப்புக்கும் நான் தகுதியில்லாதவன், இன்றிலிருந்து விடுவிக்கப்பட்டேன். முப்பது வருஷம் செய்த வேலைக்கு லாயக்கில்லை என்று காதில் கேட்டதும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். வெளியே வந்து பாதி டீ குடிக்கும்போதுதான் உறைத்தது, இயக்குநருக்குத்தானே ஊரைவிட்டுப் போகத் தடை. எங்கள் ஆபீஸில் பொறியியல் படித்தவர் கமிஷனர் ஒருத்தர்தான், எனவே பொறுப்பு அவர் தலையில். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போக வேண்டுமாம், "குப்புராஜ், நீங்க எழுத்து மூலம் ஏத்துக்கிறீங்களா" என்று கேட்டார். எனக்குத்தான் தகுதி இல்லையே சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தண்ணீர் விடச் சுப்பிரமணியிடம் வாயில் சொல்லியாயிற்று, மோசஸ் லீவு போட்டுவிட்டுத் தட்டு தூக்க வருகிறான், ஆக இரண்டு இலை கூடுதலாகப் போடச் சொல்லவும். இவ்வளவு எழுதியதை வீணாக்க மனம் வரவில்லை, அதனால் நானே கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறேன். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது என் சட்டைப்பையில் போன் அடித்தால் தயவுசெய்து நீங்களே எடுத்து, அவர் மகள் வளைகாப்பில் இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். நான் எடுத்தால் என்ன ஏது என்று கேட்டுக் கிளம்பிவிடுவேன்.