வெள்ளிக்கிழமைப் பெற்றோர்

தலைமையாசிரியை பத்மாவதி கொடுத்த பிள்ளை பாலுசாமிக்குப் பிடிக்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், இவன் கணக்குல பெயிலுங்க. நல்லாப் படிக்கற புள்ளயா ஒண்ணு குடுங்க."

"அரைமணி நேரம் அப்பனா இருக்கறதுக்கு மார்க்கு எதுக்குங்க? பேர மட்டும் மறந்துறாதீங்க. கௌதமன், ஏழாம் வகுப்பு."

பாலுசாமி பள்ளிக்கு எதிரே பேக்கரி வைத்திருப்பவர்; கல்யாணமாகாதவர். அவருக்கு அடுத்து நின்ற டெய்லர் ஜன்னத்துக்குக் கயல்விழி கிடைத்திருந்தாள்.

"என்ற புள்ள பேரு கயல்விழின்னா ஆபீசர் நம்புவாருங்களா டீச்சர்?"

"கேட்டா, தமிழ் மேல ஆசைன்னு சொல்லீருங்க."

பத்மாவதி டீச்சர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஜூன் மாதம் தலைமையாசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பெற்றோரை வரவழைத்து அவரவர் கதையைச் சொல்லவிட்டால் பள்ளிக்கூடமே ஒரு குடும்பமாகிவிடும் என்றார்கள். டீச்சர் மனதார நம்பினார். அந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு வருஷமாகியும் எந்தப் பிள்ளையின் அப்பா முகமும் அவருக்குத் தெரியாது. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் 'பெற்றோர் கதை நேரம்' என்று சீட்டு அனுப்பினார். ஒருவரும் வரவில்லை. சோமனூரில் தறி ஓடுகிற நேரத்தில் யார் வருவார்கள்? போனில் கூப்பிட்டுப் பார்த்தார்.

"புள்ள என்னத்த ஒடச்சுப்போட்டான்? நாலு சாத்து சாத்துங்க டீச்சர், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று வைத்துவிட்டார்கள்.

மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டபோது, 'பெற்றோர் ஆர்வமுடன் பங்கேற்கின்றனர்' என்று ஒரே ஒரு வரி எழுதினார். புதிதாக மாறுதலாகி வந்த கல்வி அலுவலருக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போய், இந்த வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். பொய் தெரிந்தால் கதை நேரத்தை மூடிவிடுவார்கள். டீச்சர் பேரும் கெடும்.

ஆகவே தெருவில் அகப்பட்ட ஆறு பேர் பெற்றோரானார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கட்டளை: "ஆபீசர் போற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

பத்து மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடித்த தாள்.

"வாங்க சார், வாங்க!"

"டீச்சர், நான் வந்துங்க..."

"தெரியுமுங்க சார். உங்களத்தான் பாத்துட்டே இருக்கறோம்."

"சரவணம்பட்டியிலிருந்து நேரா வாரனுங்க. கொஞ்சம் நேரமாயிருச்சு."

"அங்கயும் ஒரு பள்ளிக்கூடம் பாத்துட்டு வாரீங்களாக்கும்."

அவர் பதில் சொல்வதற்குள் நடு நாற்காலியில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி, இளநீரும் கொடுத்தாகிவிட்டது.

பாலுசாமி எழுந்தார். கௌதமன் காந்திபுரம் டவுன்பஸ்ஸிலேயே பிறந்த கதையைச் சொல்லி, சொல்லும்போதே நிஜமாக அழுதுவிட்டார். அதைப் பார்த்த ஜன்னத் கயல்விழிக்கு மூன்று முறை டெங்கு வரவழைத்தார். அடுத்து ரிட்டையர் கண்டக்டர் அங்கப்பன்.

"என்ற மகன்... என்ற மகன்... அவன் பேரு நாக்குலயே நிக்குதுங்க..."

"அருண்குமாருங்கப்பா!" என்று பிள்ளையே எடுத்துக் கொடுத்தான்.

நாற்காலியில் இருந்தவர் மெதுவாகத் திரும்பினார். "டீச்சர், அருண்குமாரு அப்பா தறிக்குடோன்லயல்லங்க இருக்கறாரு? இவரு ஆருங்க?"

டீச்சர் அவசரமாக அங்கப்பனைக் கையமர்த்தினார். மனிதர் வீடு வீடாக விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்!

"இவரு... சித்தப்பாங்க சார்."

"கௌதமனோட அப்பாவும் எனக்குத் தெரிஞ்சவருதானுங்க. அவரு..."

"அவங்க பெரிய குடும்பமுங்க சார்!"

அவர் பாலுசாமியை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுந்து, மடித்த தாளைப் பிரித்து, தொண்டையைச் செருமினார். "நானும் ரெண்டு வார்த்தை..."

அந்தத் தாளில் இருப்பது தன் மீதான குற்றப்பட்டியல் என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. சபையில் வாசித்தால் எல்லாம் முடிந்தது. கண்ணைக் காட்டினார், பியூன் மணியை அடித்தார்.

"உங்க நேரத்த வீணாக்கக் கூடாதுங்க சார். எல்லாமே அப்பறமா எழுதி அனுப்பிச்சுருங்க."

அவரைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டே போய், டீச்சரே கார் கதவைத் திறந்துவிட்டார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சால்வையைச் சரிசெய்துகொண்டு, வண்டியை எடுத்தார். கார் திருப்பத்தில் மறையும்வரை ஆறு பெற்றோரும் கும்பிட்டபடி நின்றார்கள்.

"தப்பிச்சோமுங்க" என்று டீச்சர் படியில் உட்கார்ந்தார்.

ஆறாம் வகுப்பு இளவேனில் முன்னால் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கண்ணு? ஆபீசர் போயாச்சு, இனி பேசலாம்."

"எங்கப்பா மூணு நாளா கண்ணாடி முன்னால நின்னு கதை சொல்லிப் பழகுனாருங்க டீச்சர். எல்லாரையும் சொல்ல உட்டுப்போட்டு, அவர மட்டும் ஏனுங்க சால்வை போட்டுத் தொரத்தி உட்டீங்க?"