மாட்டுப் பாயில் வந்த மறுவீடு

என் அக்காவின் மறுவீட்டை நான்தான் கெடுத்தேன் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. அதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அந்தக் கால்வாசிக்கு நியாயம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. ராமநாதபுரத்தில் சிவில் டிப்ளமோ கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். மண்ணைப் பற்றிய பாடத்தில் மட்டும் இரண்டு முறை அரியர். (பேப்பர் திருத்தியவருக்கு என் விடைகள் புரியவில்லை என்பதுதான் அன்றைக்கு என் கருத்து.) பாடத்தில்தான் அப்படி. லேப்டாப்பில் நான் பெரிய இன்ஜினீயர். அதில் ஒரு கார் கேம் இருந்தது. காரை ஓட்டுவதைவிட, அந்த கேமுக்குள்ளேயே இருந்த லெவல் எடிட்டரில்தான் எனக்குப் பொழுது போனது. அதில் நாமே ரோடு போடலாம், பாலம் கட்டலாம். வைக்கிற ஒவ்வொரு பொருளும் மரமா, இரும்பா, ரப்பரா, ஐஸா என்று ஒரு பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். எவ்வளவு எடை, எவ்வளவு வழுக்கும், எவ்வளவு துள்ளும் என்று எண் கொடுத்துவிட்டு பிளே பட்டனை அமுக்கினால், எல்லாம் நாம் சொன்னபடி உருளும், வழுக்கும், உடையும்.

ரப்பரில் ஒரு யானை செய்து, தண்ணீர்த் தொட்டி மேலிருந்து தள்ளிவிட்டு, அது எத்தனை முறை குதிக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்தவள் நான். இதை நான் ஆராய்ச்சி என்று சொல்வேன். அம்மா இதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

எங்கள் வீடு திருப்புல்லாணியைத் தாண்டி, கடல் பக்கம் போகிற ரோட்டில், ரோட்டை விட்டு எண்பது எட்டு வைத்து நடக்கிற தூரம் உள்ளே. அந்த எண்பது எட்டும் மணல். இரண்டு பக்கமும் முள்ளுள்ள உடைமரம். முதல் பாதி ஓரளவு இறுகிக் கிடக்கும். பிறகு ஒரு நாற்பது அடி மாவு மாதிரி. கேஸ் சிலிண்டர் வண்டிக்காரரே ரோட்டில் நின்று ஹாரன் அடிப்பார், நாங்கள்தான் போய் உருட்டிக்கொண்டு வருவோம். எங்களுக்கு இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை, அக்காவுக்குப் பரமக்குடியில் மாப்பிள்ளை அமையும் வரை.

நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா எங்கள் வாசலில் உட்கார்ந்து, முதலில் இடது ஷூவைக் கழற்றிக் கொட்டினார். பிறகு வலது ஷூ. இரண்டிலிருந்தும் விழுந்த மணலை எல்லோரும் பார்க்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினார். மாப்பிள்ளை வீட்டில் கடைசி வார்த்தை அவருடையதுதான்.

"மறுவீட்டுக்கும் இப்பிடித்தான் நடந்து வரணுமாக்கும்? எங்க வழக்கத்துல பொண்ணு மாப்பிள்ளை கார் வாசல்ல வந்து நிக்கணும். நடுவழியில எறங்கி நடக்கிறதெல்லாம் எங்களுக்கு ஆகாது."

அய்யா, எங்கள் அப்பா, பதறிப்போய், "வந்துரும்ங்க. வாசல்லயே வந்து நிக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் போனதும் அம்மா கேட்டார்: "எப்பிடி வரும்? பறந்தா வரும்?"

கிராவல் மண் கொட்டலாம் என்று அய்யா ஒரு லாரிக்காரரிடம் சொல்லி வைத்தார். லாரிக்காரர் நாளைக்கு, நாளைக்கு என்றே கல்யாணம் நெருங்கும்வரை இழுத்துவிட்டார். கல்யாணத்துக்கு மூன்று நாள், மறுவீட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது அம்மாவின் தம்பி, முருகேசன் மாமா, வந்தார். கரையிலிருந்து மீன் பெட்டி ஏற்றும் லோடு வேன் ஓட்டுகிறவர்.

"இதுக்கா இம்புட்டு யோசனை? டயர்ல காத்தப் பாதி எறக்கி விட்டா எந்த மணல்லயும் ஏறி வந்துரலாம். நாங்க அங்கன தெனம் அதைத்தானே செய்யிறோம்."

ஆனால் மறுவீட்டுக்கு வரப்போவது மாப்பிள்ளையின் நண்பருடைய கார். வாங்கி இரண்டே மாதம். போனில் கேட்டதற்கு, "புது டயருங்க, காத்தெல்லாம் எறக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அய்யா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன்.

"ரெண்டு நாள் குடுங்கய்யா. எது போட்டா கார் வரும்னு நான் டெஸ்ட் பண்ணிச் சொல்றேன்."

உண்மையாகவே உழைத்தேன். எண்பது எட்டையும் நடந்து அளந்து, எடிட்டரில் அதே நீளத்துக்கு மணல் பாதை போட்டேன். உடைமரம் வைத்தேன். கடைசியில் எங்கள் வீடு, வாசலில் அய்யா. முதலில் மணல் மேல் மரப் பலகை. கார் பக்கவாட்டில் வழுக்கி மரத்தில் மோதியது. அடுத்து இரும்புத் தகடு. எண்ணெயில் விட்ட மாதிரி ஓடி வீட்டுக்குள் புகுந்தது. மூன்றாவது ரப்பர். ஆகா! கார் அப்படியே மிதந்து வந்து வாசலில் நின்றது. திரும்பவும் ஓட்டினேன். வேகத்தைக் கூட்டி, குறைத்து, ஆட்களை ஏற்றி, மழை பெய்யவிட்டு, மொத்தம் நாற்பத்தொரு தடவை. நாற்பத்தொரு தடவையும் வாசலில் நின்றது.

அய்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வாசல்ல நிக்கிறது நானா?"

"ஆமாய்யா."

"தோள்ல துண்டக் காணோம்?"

துண்டு போட்டேன். அதற்குப் பிறகு அவருக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

முருகேசன் மாமா மட்டும் திரையில் விரலை வைத்து, "ஏத்தா, இந்த மணல்ல சக்கரம் பதியவே மாட்டேங்குதே?" என்றார்.

"அது கேம் மாமா. அதுல பதியாது."

"அப்ப இது மணல் இல்லத்தா. மஞ்சப் பெயிண்ட் அடிச்ச தரை."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எண்ணெல்லாம் போட்டு உராய்வை டெஸ்ட் பண்ணியிருக்கிறேன், மீன் வண்டி ஓட்டுகிறவர் வந்து பெயிண்ட் என்கிறார்! "உங்களுக்கு இதெல்லாம் புரியாது மாமா" என்று லேப்டாப்பை மூடினேன். (இந்த ஒரு வரியை அவர் இன்றுவரை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். என் குரல் அப்படிக் கீச்சென்று இருக்காது.)

ரப்பருக்கு எங்கே போவது? பக்கத்து ஊர்ப் பால் பண்ணையில் மாடு நிற்கத் தரையில் போடும் ரப்பர் பாய்கள் இருந்தன. கனமானவை, கறுப்பு, ஆள் நீளம். அய்யா பதினான்கு பாய் இரவல் வாங்கி வந்தார். நானும் அக்காவுமாக சோப்புத் தூள், பினாயில், கடைசியில் அக்காவின் கல்யாண ஷாம்பு வரை போட்டுக் கழுவினோம். கழுவிய பிறகு, ஷாம்பு போட்டுக் குளித்த மாட்டின் வாசம் வந்தது.

மறுவீட்டன்று காலை பதினோரு மணி. மாவு மணலில் ஏழேழு பாயாக இரண்டு வரிசை, சக்கரத்துக்கு நேராக விரித்து வைத்திருந்தேன். ரோட்டில் கார் வந்து நின்றது. முன்னால் நண்பர் ஓட்ட, அவர் பக்கத்தில் பெரியப்பா. பின்னால் அக்காவும் மச்சானும். இன்னொரு வேனில் வந்த பெண்கள் இறங்கி, பூ, பழம், ஜாங்கிரித் தட்டுகளோடு காரின் பின்னால் நடந்து வந்தார்கள். நான் காருக்கு முன்னால், விமானத்துக்கு வழி காட்டுகிறவரைப் போல இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். புதுச் சுடிதார் வேறு.

முதல் பாய், இரண்டாவது பாய். கார் ஏறியது. மூன்றாவது பாய். வாசலில் அய்யா, நிஜமாகவே தோளில் துண்டோடு, சிரித்தபடி நின்றார். நாலாவது பாயில் முன்சக்கரம் லேசாகச் சுற்றியது. நண்பர் பயந்துபோய் ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தார்.

கார் நகரவில்லை. பாய் நகர்ந்தது.

சக்கரத்துக்கு அடியிலிருந்த பாய் பின்பக்கம் பாய்ந்து, காருக்கு அடியிலேயே சறுக்கி வெளியே வந்து, முதல் தட்டு ஏந்தி வந்த மச்சானின் சித்தியுடைய முழங்காலுக்குக் கீழே போய் அடித்தது. சித்தி அப்படியே மணலில் உட்கார்ந்தார். ஜாங்கிரி உட்காரவில்லை. அவை தனித்தனியாகப் போய் உடைமரத்தில் இரண்டு, இன்னொரு அத்தையின் கொண்டையில் ஒன்று என்று இடம் பிடித்தன. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நான் கத்தியதை, நண்பர் "நல்லா மிதிங்க" என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த பாயும் போனது. முன்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் புதைந்து, கார் மூக்கைக் கீழே வைத்துப் படுத்துக்கொண்டது.

அப்புறம் சித்தி பாயை மோந்து பார்த்தார்.

"என்னது, மாட்டுக்குப் போடுற பாயா? எங்க வீட்டு மாப்பிள்ளைய மாட்டுப் பாயிலயா கூப்பிடுறீக?"

அக்கா கதவைத் திறந்தாள். பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் நடந்தே போறேன்" என்று இறங்கி நடந்தாள். மச்சானும் ஷூவைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார்.

பெரியப்பா இறங்கவில்லை.

"வாசல்ல கார் நிக்கும்னு சொன்னீகள்ல? நிக்கட்டும். எறங்குறேன்."

அய்யா வந்து கையைக் கூப்பினார். அம்மா வந்து கெஞ்சினார். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைக் கூட்டினார். அய்யாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆத்திரம். நான் என்ன தப்பு பண்ணினேன்? நாற்பத்தொரு தடவை டெஸ்ட் பண்ணியிருக்கிறேன்! வீட்டுக்குள் ஓடி லேப்டாப்பைத் தூக்கி வந்து, கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"இங்க பாருங்க பெரியப்பா. நான் சும்மா விரிக்கல. டெஸ்ட் பண்ணித்தான் விரிச்சேன்."

கண்ணாடி இறங்கியது. கூட்டம் என் முதுகுக்குப் பின்னால் கூடியது. பிளே பட்டனை அமுக்கினேன். கார் மிதந்து போய் வாசலில் நின்றது. பாய் ஒரு இம்மிகூட அசையவில்லை. "பாத்தீங்களா!" என்றேன், ஏதோ கேஸில் ஜெயித்துவிட்டவளைப் போல.

பெரியப்பா திரையை உற்றுப் பார்த்தார். காரின் முன் சீட்டில் நான் வைத்திருந்த பெரிய சதுரக் கட்டையும், அதன் மேல் நான் தட்டி வைத்திருந்த எழுத்தும் அவர் கண்ணில் பட்டுவிட்டன. 'பெரியப்பா, 110 கிலோ.'

"யாரு நூத்திப்பத்து?"

நான் கட்டை விரலால் அந்த எழுத்தை மறைத்தேன்.

"எண்பத்தெட்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு வச்சிருக்கேன். எண்பத்தெட்டு!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சித்தி என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் மச்சான் வெறுங்காலோடு திரும்பி வந்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, திரையில் ஒரு பாயைத் தொட்டார். ஓரத்தில் ஒரு பட்டியல் திறந்தது.

"வினோ, இதுல ஒரு டிக் இருக்கே. இது என்னத்துக்கு?"

அது, வைத்த பொருள் எது மோதினாலும் அசையக் கூடாது என்பதற்கான டிக். பாய்களை வரிசையாக அடுக்கும்போது அவை நழுவிக்கொண்டே இருந்தன. அடுக்கி முடிக்கும்வரைக்கும் என்று பதினான்கு பாய்க்கும் டிக் போட்டேன். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. நாற்பத்தொரு தடவையும் அந்தப் பாய்கள் பூமியோடு சேர்த்து அறையப்பட்டுக் கிடந்திருக்கின்றன.

மச்சான் ஒரு பாயின் டிக்கை எடுத்துவிட்டு பிளே பட்டனை அமுக்கினார். திரையிலும் பாய் பின்பக்கம் பறந்தது. கூட்டம் 'ஓ' என்றது. மச்சான் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை அடக்க முடியாமல் கார் கதவைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் என் அக்கா கதி என்ன என்று இப்போதும் யோசிப்பதுண்டு. அப்போது யோசிக்கவில்லை. "டிக் இவ்வளவு சின்னதா வச்சா யாருக்குத் தெரியும்?" என்று கேம் செய்தவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முருகேசன் மாமா யாரிடமும் கேட்கவில்லை. நாலு டயரிலும் குச்சியை வைத்து உஸ்ஸென்று காற்றை இறக்கினார். தடுக்க வந்த நண்பரை, "தம்பி, அங்கிட்டுப் போய் நில்லுங்க" என்று நகர்த்திவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அய்யா, மச்சான், திரும்பி வந்த அக்கா, நண்பர், நான், ஏன், சித்தியும் சேர்ந்து பின்னால் தள்ளினோம். கார் ஒரு குலுங்கு குலுங்கி மேலே ஏறி, ஒரே மூச்சில் வாசலில் போய் நின்றது.

ஸ்டியரிங்கில் மாமா இருக்க, உள்ளே பெரியப்பா மட்டும்.

பதினோரு மணியிலிருந்து ஆரத்தித் தட்டோடு காத்திருந்த அம்மாவுக்கு, கார் வந்து நின்றதும் கை தானாக எழுந்துவிட்டது. கதவைத் திறந்து கம்பீரமாக இறங்கிய பெரியப்பாவுக்கு மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார். பெரியப்பாவும் மறுக்கவில்லை. குனிந்து வாங்கிக்கொண்டார். பொண்ணும் மாப்பிள்ளையும் கூட்டத்தின் பின்னால், தலையெல்லாம் மணலோடு, கைதட்டிக்கொண்டு நின்றார்கள்.

அன்று சாயங்காலமே கேம் கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு மெயில் எழுதினேன். உங்கள் மணல் மணலே அல்ல, ஒரு குடும்பத்தின் மானம் போயிற்று என்று. ‘தங்கள் கருத்துக்கு நன்றி, தொடர்ந்து விளையாடுங்கள்’ என்று பதில் வந்தது. இந்தப் பதிலுக்கு இன்னும் நான் ஆறவில்லை.

அதன் பிறகு பரமக்குடிக்கு நான் எப்போது போனாலும், நாற்காலியில் உட்காரப் போகும்போது மச்சான், "வினோ, இரு, டிக் போட்டிருக்கான்னு பாத்துக்க" என்பார். அக்காவின் மூன்று வயது மகளுக்குக் கூட இது தெரியும், பொம்மையை அடுக்கிவிட்டு "டிக்கு" என்கிறாள். பெரியப்பாதான் எல்லோரையும் மிஞ்சியவர். டாக்டர் சொல்லி நடைப்பயிற்சி ஆரம்பித்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை எனக்கு போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"வினோ, இப்ப எண்பத்து ரெண்டு. அந்தக் கட்டையில மாத்திரு."

நான் லேப்டாப்பைத் திறந்து மாற்றிவிட்டு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பும்வரை விடமாட்டார்.