வனுவாட்டு வென்ற விவரம், டோங்காவில் இருக்கும் மச்சானுக்கு

கச்சிராயபாளையம்,
22-2-1988, திங்கட்கிழமை, பகல் 2 மணி.

அன்பு மச்சான் பிரிட்டோவுக்கு,

உன் அக்காள் புருஷன் ராயப்பன் எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே உனக்குக் கடல் காற்றும் கிழங்குச் சாப்பாடும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று உன் அக்காள் மார்கரெட் காலை ஜெபத்தில் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.

முதலில் உறுதியான செய்தி. இன்று காலை பத்து இருபதுக்கு, நம் மகள் செலினா எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழிப் பத்திரத்தை இன்ஸ்பெக்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆதாரம், அந்தப் பத்திரமே. இந்தக் கடிதத்துக்கு அடியில்தான் கிடக்கிறது. பின்பக்கத்தில் "அசம்பாவிதம் எதுவும் இல்லை" என்று அவர் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டாவது செய்தி, நேற்று மாலை ஐந்து பதினான்குக்கு வனுவாட்டு பிஜியைத் தோற்கடித்தது. நேரம் என் கைக்கடிகாரத்தின்படி. உன் டோங்கா சனிக்கிழமையே போய்விட்டது. நீ பிழைக்கப் போன நாடு என்பதால் வருத்தமாக இருக்கலாம், மன்னித்துவிடு.

டிசம்பரில் நூமியாவில் நடந்த தீவு நாடுகளின் விளையாட்டு விழாப் புத்தகத்தை நீ உன் அக்காள் மகளுக்கு அனுப்பினாய் அல்லவா, எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். இங்கே செப்டம்பரில் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ஏழு நாள் ரோடெல்லாம் மரம் கிடந்ததை உனக்கு அப்போதே எழுதியிருந்தேன். மரத்தை எடுத்துவிட்டார்கள், மனஸ்தாபத்தை யாரும் எடுக்கவில்லை. பொங்கல் விளையாட்டு நடக்கவில்லை. செலினா தன் பள்ளியில் விளையாட்டு டீச்சர், அவளால் சும்மா இருக்க முடியுமா, மூன்று நாள் போட்டி நடத்தியே தீருவேன் என்று ஸ்டேஷனுக்கு நான்கு தடவை நடந்தாள், நான்கு தடவையும் நானும் போனேன். நான்காம் தடவை இன்ஸ்பெக்டர் இரண்டு பக்க லிஸ்ட் ஒன்றை நீட்டினார். ஜாதிப் பெயர், கட்சிப் பெயர், தலைவர் பெயர், தெருப் பெயர், ஊர்ப் பெயர், சாமி பெயர், நடிகர் பெயர் என்று மொத்தம் அறுபத்தொன்று, எண்ணினேன். இதில் ஒன்று மைதானத்தில் காதில் விழுந்தாலும் அந்த நிமிஷமே போட்டி நிற்கும், பொறுப்பு செலினாவுடையது என்று பத்திரம். இதைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: போட்டி பாதியில் நின்றால், பெண் பிள்ளைகளுக்கு மாலையில் விட்டிருக்கும் ஒரு மணி நேர விளையாட்டும் நிற்கும். அந்த ஒரு மணி நேரத்தை அவள் போன ஜூனில் சண்டை போட்டு வாங்கினாள். நாற்பத்து மூன்று பிள்ளைகள் ஆடுகிறார்கள், பதினொரு பேர் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள். ஆக, யாரோ ஒருவன் வாய் தவறினால் அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் சாயந்தரம் கிடையாது.

"பேரே வெக்காம எப்பிடிம்மா ஆடுவீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வெப்பேன் சார். உங்க லிஸ்ட்டுல இல்லாத பேரா வெப்பேன்" என்று உன் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

அவர் அரைமணி நேரம் புரட்டினார். "இந்த நாடுங்கள்ல நம்ம ஆளுங்க யாருனா இருக்காங்களா?"

"எங்க மாமா ஒருத்தரு டோங்காவுல இருக்காரு சார்."

"அவரு இன்னா கட்சி?"

"கணக்கு வாத்தியார் சார்."

அனுமதி கிடைத்தது. உன் பெயர் ஸ்டேஷன் குறிப்பில் ஏறியிருக்கிறது, பயப்படாதே, நல்ல விதமாகத்தான்.

அடுத்த பிரச்சினை, யார் எந்த நாடு என்பது. தெருவாரியாகப் பிரித்தால் பழைய சண்டை, ஊர்வாரியாகப் பிரித்தால் புதுச் சண்டை. செலினா ரேஷன் கார்டின் கடைசி எண்ணைப் பிடித்தாள். ஒன்று, இரண்டில் முடிந்தால் பிஜி. மூன்று, நான்கு டோங்கா. ஐந்து, ஆறு சமோவா. ஏழு, எட்டு நவ்ரு. ஒன்பதும் பூஜ்யமும் வனுவாட்டு. பாகம் பிரிந்து தனி கார்டு வாங்கிய அண்ணன் தம்பிகள் இரண்டு நாடு ஆனார்கள். ஐந்து வருஷமாகப் பேசாத சம்பந்திகள் ஒரே நாடு ஆனார்கள். நம் வீட்டு கார்டு பூஜ்யத்தில் முடிகிறது, ஆகவே நானும் உன் அக்காளும் வனுவாட்டு. செலினா நடுவர் என்பதால் அவளுக்கு நாடு கிடையாது.

கொடிக்கு வந்தோம். மஞ்சள், சிவப்பு, கறுப்பு, பச்சை, நீலம், எதைத் தொட்டாலும் யாராவது ஒருவருடைய கொடி. கடைசியில் ஐந்து நாட்டுக்கும் சாக்குத்துணிதான், அதன்மேல் உன் புத்தகத்தைப் பார்த்துக் கரியால் வரைந்த சின்னம். பிஜி கொடியில் கரும்பு, வாழை, தென்னை எல்லாம் இருந்ததால் அவர்களுக்கு ஒரே கர்வம். டோங்கா கொடியில் இருந்த சிலுவையைப் பார்த்து இன்ஸ்பெக்டர், மதச் சின்னம் கூடாது, கொஞ்சம் சாய்த்துப் பெருக்கல் குறியாகப் போடுங்கள் என்றார், போட்டோம், உன் ராஜாங்கத்தில் யாரும் கேட்டால் நீ ஒன்றும் தெரியாததுபோல் இரு. எங்கள் வனுவாட்டுக்குப் பன்றித் தந்தம், வட்டமாகச் சுருண்டது. செலினா என்ன பாடுபட்டு வரைந்தும் அது கைமுறுக்கு மாதிரிதான் வந்தது. "முறுக்குக்காரங்க வந்துட்டாங்கடோய்" என்பதுதான் நாங்கள் உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்த முதல் வாழ்த்து.

வெள்ளிக்கிழமை காலை போட்டி ஆரம்பம். ஒன்பதில் முடியும் கார்டுகளில் முக்கால்வாசி மலை ஊர்களுடையவை. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து அவர்களை ஏற்றி வர வேண்டிய லாரி வழியில் அச்சு முறிந்து, வேறு வண்டி பிடித்து, மூன்றரை மணிக்கு வந்து இறங்கினார்கள். அதற்குள் ஐந்து ஆட்டம் முடிந்துவிட்டது. புள்ளிப்பட்டியலில் வனுவாட்டு கடைசி. முதல் நான்கு நாடுகளுக்குத்தான் சனிக்கிழமை கயிறு இழுக்கும் போட்டி என்று அறிவித்தார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வனுவாட்டு மறியல் செய்தது. எந்த மரத்தையும் வெட்டவில்லை, செப்டம்பர் கேஸ்களே இன்னும் நடக்கின்றன. தானாக ஒடிந்து விழுந்த ஒரு முருங்கைக் கிளையை மைதானத்து கேட்டில் குறுக்கே போட்டார்கள். கொண்டு வந்தது ரைஸ்மில் சுப்புராயன், அவர் கார்டும் பூஜ்யம். செப்டம்பரில் அவருடைய நெல் லாரி ஆறு நாள் மரத்துக்குப் பின்னால் நின்றது. மறியல் பண்ணி எவனுக்கும் எதுவும் வராது என்று அவர் சொன்னதை நானே பேப்பரில் போட்டேன். முப்பத்தொரு வருஷமாகத் தாலுகா நிருபராக இருப்பவன் என்ற முறையில் நான் அங்கே செய்தி சேகரிக்கத்தான் போனேன். கிளையின் மறுமுனை என் கையில் எப்படி வந்தது என்பதை இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். "இன்னாங்க இது?"

"மறியலுங்க" என்றார் சுப்புராயன்.

"எந்தக் கட்சி?"

"வனுவாட்டுங்க. பட்டியல்ல எங்களுக்கு ஒரு எடம் ஒதுக்கணும்."

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். வனுவாட்டு இல்லை. மறுபடி பார்த்தார். "இதுல கேஸ் போட எடமே இல்லியேய்யா" என்று ஏட்டிடம் கொடுத்தார், ஏட்டும் பார்த்தார்.

அப்போது பிஜி அணித் தலைவர் கந்தசாமி வந்தார். உரக்கடை கந்தசாமி, உனக்குத் தெரியும். செப்டம்பரில் ரோட்டில் முதல் ஆளாக உட்கார்ந்து, இடஒதுக்கீட்டுக்காக பன்னிரண்டு நாள் கடலூர் ஜெயிலில் இருந்தவர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கினு கத்தினார்: "இது இன்னா நியாயம்? ஆடி ஜெயிச்சவன்தான் வரணும். வண்டி லேட்டானா அதுக்கு நாங்களா பொறுப்பு? தெறமைன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா?"

அவர் மனைவி லட்சுமியம்மாள், அதே கார்டு, அவரும் பிஜிதான், பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்: "பன்னண்டு நாளு ஜெயில்ல களி தின்னுட்டு வந்தீங்களே, அது இன்னாத்துக்குங்க?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் லிஸ்ட்டில் உள்ள நான்கு வார்த்தையாவது வேண்டும். கந்தசாமி வாயைத் திறந்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், மூடினார். எனக்கே பாவமாக இருந்தது.

செலினா கழுத்தில் விசிலோடு வந்தாள். "வண்டி வர்றதுக்கு முன்னாடி ஆட்டத்த ஆரம்பிச்சது என் தப்பு. வனுவாட்டுக்கு ஒரு எடம் உண்டு. ஆனா கயிறு எல்லாருக்கும் ஒரே கயிறுதான். இழுத்துக்குங்க." மறியல் ஏழு ஐம்பதுக்கு வாபஸ். தவக்காலம் ஆயிற்றே, கிளையை உன் அக்காள் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கீரை ஆய்ந்துவிட்டாள்.

ஓர் அணிக்குப் பத்துப் பேர், ஐந்து ஆண், ஐந்து பெண். எங்கள் அணியில் முன்னால் சுப்புராயன், மூன்றாவது உன் அக்காள், கடைசியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கினு மலையிலிருந்து வந்த செல்லமுத்து. வாரச் சந்தைக்குக் கடுக்காய் மூட்டை சுமந்து இறங்குகிறவர். பார்த்தால் ஒல்லி ஆள். அவர் சொன்னது ஒன்றுதான்: "யாரும் இழுக்க வேணாங்க. மூட்டையோட ஏத்தத்துல நிக்கிற மாதிரி நில்லுங்க, போதும்." நின்றோம், அதாவது அவர்கள் நின்றார்கள், நான் குறிப்பெடுத்தேன். நவ்ரு இழுத்து இழுத்து இரண்டு நிமிஷத்தில் தானே வந்து விழுந்தது. மத்தியானம் டோங்கா. உன் மனசு நோகும் என்பதால் விவரம் எழுதவில்லை, நாற்பது செகண்டுதான் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பிஜியோடு இறுதிப் போட்டி. ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும் என்பது ஏட்டின் கணக்கு, அறுநூறு என்பது என்னுடையது. "சலுகையில வந்த முறுக்கு, நவுத்துடா நவுத்து" என்று பிஜி பக்கம் ஒரே கூச்சல். இன்ஸ்பெக்டர் நோட்டும் பேனாவுமாக நாற்காலியில். கயிறு இறுகியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், நடுவில் கட்டிய கர்ச்சீப் அசையவில்லை. சுப்புராயனும் கந்தசாமியும் முகத்துக்கு முகம் ஆறடி தூரம். செப்டம்பரிலிருந்து பேச்சு கிடையாது, சுப்புராயன் திரும்பாமலே என்னிடம், "நிருபரே, எதிர்ல நிக்கறவர வேட்டிய இறுக்கிக் கட்டிக்கச் சொல்லுங்க" என்கிறார். மூன்றாவது நிமிஷம் பிஜிக்கு மூச்சு வாங்கியது. கந்தசாமிக்கு ஆட்களை உசுப்பேற்ற வேண்டும், உசுப்பேற்றுவதற்கு அவரிடம் இருப்பது இருபது வருஷமாகப் பழகிய ஒரே ஒரு கோஷம். கழுத்து நரம்பு புடைத்தது. முதல் எழுத்து வெளியே வந்தேவிட்டது, நான் கேட்டேன். இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார். செலினாவுக்கு விசில் வாயிலேயே இருக்கிறது, ஊதத் தெரியவில்லை. மைதான ஓரத்தில் அந்த நாற்பத்து மூன்று பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். கந்தசாமி அவர்களைப் பார்த்தார். அப்புறம் மச்சான், மிச்சக் கோஷத்தை அந்த மனுஷன் அப்படியே விழுங்கினார், நெல்லிக்காயை முழுசா விழுங்குற மாதிரி தொண்டையில இறங்கினது தெரிஞ்சிது. விழுங்கின அந்த ஒரு நொடி கை தளர்ந்தது. செல்லமுத்து ஒரே ஒரு அடி பின்னால் வைத்தார். பிஜி மொத்தமும் குப்புற வந்து வனுவாட்டு மண்ணில் விழுந்தது.

"வுடாத வனுவாட்டு!" என்று கடைசி நொடியில் நாற்காலிப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. அது இன்ஸ்பெக்டருடையது என்று இருவர் சொல்கிறார்கள். அவர் மறுக்கிறார். இரண்டையும் எழுதிவிட்டேன்.

கந்தசாமி புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து நேராக இன்ஸ்பெக்டரிடம் போனார். "உள்ளுக்குள்ளதான் சார் கத்தினேன். அதுக்கும் கேஸ் உண்டா?" பிறகு செலினாவிடம், "நான் தோக்கலம்மா, என் வாய்தான் தோத்துது. பொண்ணுங்க ஆடட்டும்" என்றார். சுப்புராயனும் அவரும் இன்னும் பேசவில்லை, தப்பாக நினைத்துக்கொள்ளாதே, ஆனால் எவர்சில்வர் குடத்தைச் சுப்புராயன் வாங்கும்போது முதலில் கை தட்டியது கந்தசாமி. இது நான் கண்ணால் பார்த்தது. வெற்றி விருந்து நம் வீட்டில், தவக்காலம் என்பதால் சாம்பாரும் அப்பளமும். உன் அக்காளுக்கு இரண்டு உள்ளங்கையும் கொப்புளம், வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறாள். மாலை ஒரு மணி நேர விளையாட்டு தொடரும் என்று தலைமையாசிரியர் இன்று காலை சுற்றறிக்கையில் எழுதிவிட்டார், ஒரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் நிச்சயம், மச்சான். இந்த ஊரில் இனி எவன் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு ஒரு தீர்வு கிடைத்துவிட்டது. அடுத்த வருஷமும் இதே ஐந்து நாடு, இதே அணிகள், ஒருவரும் மாறக்கூடாது என்று ஐந்து தலைவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உனக்கு நீண்ட ஆயுளும், சொன்னால் புரிகிற மாணவர்களும், வருஷத்துக்கு ஒருமுறையாவது ஊர் வர லீவும் ஆண்டவர் தருவாராக.

இப்படிக்கு,
உன் மாமா,
அ. ராயப்பன் (வனுவாட்டு).

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் வட்ட வழங்கல் அலுவலக நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய ரேஷன் கார்டுகள் எல்லாம் ரத்து, எல்லாருக்கும் புது எண்ணில் புது கார்டு. செய்தி உண்மைதானா என்று நேரில் போய் விசாரித்தேன். எனக்கு முன்னால் வரிசையில் கந்தசாமி நிற்கிறார், பூஜ்யத்தில் முடிகிற கார்டாகக் கொடுங்கள் என்று மனுவோடு. அவருக்குப் பின்னால் டோங்காவில் பாதிப் பேர். எங்கள் வீட்டு எண் எதில் முடியும் என்று கிளார்க்கைக் கேட்டேன். "அச்சாபீசுலேர்ந்து வரணும் சார், மார்ச் பதினஞ்சுக்கு மேலதான் தெரியும்" என்றார்.