ஆளுக்கு ஓர் உயிர்

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டில், மக்கள் திடீர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. உடனே பயிற்சி வைத்தார்கள். நின்றுபோன நெஞ்சை அழுத்தி எழுப்பும் சி.பி.ஆர். பயிற்சி. அந்த வருஷம் அதுதான் மோஸ்தர்.

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டின் சுகாதார ஆய்வாளர் பாலசுப்பிரமணியம் உட்பட நாற்பது பேர் போனார்கள். பழகுவதற்கு ஒரே ஒரு ரப்பர் பொம்மை. தலைமை விருந்தினர் போட்டோவுக்காக அதன் வயிற்றை அழுத்தினார். உயர் அதிகாரி அழுத்திய இடம்தான் நெஞ்சு என்று எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். பாலசுப்பிரமணியம் மட்டும் மலைக்குத் திரும்பி, புத்தகத்தைப் பார்த்து, ஒரு மிளகு மூட்டையைக் கிடத்தி ஒழுங்காகப் பழகினார்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. "பயிற்சி பெற்ற ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்குள் குறைந்தபட்சம் ஓர் உயிரை மீட்டு, மூன்று பிரதிகளில் அறிக்கை அனுப்ப வேண்டியது. மீட்போரின் இடமாறுதல் விண்ணப்பம் பரிவுடன் பரிசீலிக்கப்படும்."

திருச்செங்கோட்டில் அவருக்கு இரண்டு வயதில் ஒரு மகள். மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனால், "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடுவாள். அவருக்கு ஓர் உயிர் அவசரமாகத் தேவைப்பட்டது.

ஆனால் மேடு பள்ளம் ஏறி இறங்கும் மலைக்காரர்களின் நெஞ்சு லேசில் நிற்பதாக இல்லை. எனவே காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு சுற்றி வரும் பஸ்ஸைப் பார்த்துக் காத்திருந்தார். இறங்கியதும் நாலு பேராவது தலைசுற்றிப் படுப்பார்கள். அடிவாரத்து மிளகு வியாபாரி அபுதாஹிர் வாராவாரம் படுப்பார்.

"ஏனுங்க பாய், மூச்சு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. கைய எடுங்க."

"நெஞ்சு கொஞ்சம் நின்ன மாதிரி ஏதாச்சும்?"

"நிக்கலீங்க சார். உங்களுக்கு ஏனுங்க இம்புட்டு ஆசை?"

டீக்கடை சாமியாத்தாள் அவர் தலையைக் கண்டாலே குரல் கொடுப்பாள். "சார் வாராரு! எல்லாரும் எந்திரிச்சு உக்காருங்க சாமி!" வளப்பூர் பஸ் நிறுத்தத்தில் பகல் தூக்கம் அத்தோடு ஒழிந்தது. அவரோ விடாமல் எல்லோருக்கும் செய்முறையை விளக்கிக் காட்டினார்.

ஆறாவது மாதக் கடைசியில், மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அபுதாஹிர் சரிந்து விழுந்தார்.

"பாய் சாருக்கு ஒத்தாசை பண்றாரு!" என்று கூட்டம் சிரித்தது.

பாலசுப்பிரமணியம் தட்டிக் கூப்பிட்டார். பதில் இல்லை. மூச்சும் இல்லை. மண்டியிட்டு நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து, எண்ணிக்கொண்டே வேகமாக அழுத்தினார். அறிக்கை அவர் நினைவிலேயே இல்லை. கை சோர்ந்தபோது சாமியாத்தாள் அவரைத் தள்ளினாள்.

"நவுருங்க சார். ஆறு மாசமா இதத்தானே காட்டறீங்க!"

இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். அபுதாஹிர் இருமினார். ஜீப் அவரைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிழைத்துக்கொண்டார்.

அறிக்கை போயிற்று. விளக்கம் கேட்டு வந்தது: "மீட்கப்பட்ட உயிர் தற்போது யாருடைய பொறுப்பில் உள்ளது? ஒப்புகை இணைக்கவும்."

பாலசுப்பிரமணியம் அபுதாஹிரின் மனைவி ஜீனத் பீவியிடம் போனார்.

"நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு எழுதணுங்க."

"நல்ல நிலையா? பீடிய விடச் சொன்னா விடமாட்டேங்கறாரு. 'இருந்த நிலையில்'னு எழுதறேன்."

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. மற்ற முப்பத்தொன்பது பேரும் மீட்ட உயிர் 'இல்லை' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். களப்பணிக்கு ஏற்றவர்கள் அல்ல என்பதால், அவர்கள் அனைவரும் சமவெளிக்கு மாற்றப்பட்டு, சி.பி.ஆர். பயிற்சியாளர்களாக நியமிக்கப்பட்டிருந்தார்கள். பாலசுப்பிரமணியத்தின் சேவை மலைக்கு இன்றியமையாதது என்பதால், அவருடைய இடமாறுதல் விண்ணப்பம் பரிவுடன் நிராகரிக்கப்பட்டது.

சாமியாத்தாள் டீயை நீட்டினாள். "அப்ப கீழ யாராச்சும் விழுந்தா, யாருங்க சார் பாக்கறது?"

"முப்பத்தொம்பது பேரும் பாப்பாங்க," என்றார் அவர். "சுத்தி நின்னு."

இதைப் படிக்கும் நாமெல்லாம் கீழேதான் குடியிருக்கிறோம்.